பம்புசெட் பச்சை கிட்டார்

ஃபேன் வாங்கப் போன மனுஷன் ஃபேனோடுதான் வீடு திரும்ப வேண்டும். இதில் யாருக்கும் இரண்டு கருத்து இருக்க முடியாது. அதுவும் சித்திரை மாதம், கணபதி பக்கம் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட லைன் வீடு, உள்ளே பகல் முழுக்க மோட்டார் கம்பெனியில் வேலை பார்த்துவிட்டு வந்து படுக்கிற பெண்டாட்டி. திருமூர்த்திக்கு இதெல்லாம் தெரியாதா என்ன? நன்றாகத் தெரியும். தெரிந்தே செய்தான் பாருங்கள், அதுதான் கொழுப்பு.

தொண்ணூற்றைந்தாம் வருஷம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. வீட்டில் இருந்த டூ-இன்-ஒன்னை, ரேடியோவும் டேப்பும் சேர்ந்த பெட்டியை, துண்டில் சுற்றிக் கையில் கொடுத்து அனுப்பியது பெண்டாட்டி புவனாதான். உக்கடத்தில் பழைய சாமான் விற்கும் அக்பர் அலி, டூ-இன்-ஒன்னை எடுத்துக்கொண்டு ஒரு டேபிள் ஃபேன் தருவதாக முந்தின வாரமே ஒப்புக்கொண்டிருந்தார்.

"பாட்டு பொறவு கேட்டுக்கலாங்க. மொதல்ல காத்து வரட்டும்" என்றாள் புவனா. "இறக்கை ஆடுதான்னு பார்த்து வாங்கிட்டு வாங்க. அங்க போயி பராக்குப் பார்த்துட்டு நின்னுபோடாதீங்க."

"நான் என்ன சின்னப் பையனா அம்மணி?" என்று கேட்டுவிட்டுப் பஸ் ஏறினான். முப்பத்திரண்டு வயது ஆள் கேட்க வேண்டிய கேள்விதான்.

அக்பர் அலியின் கடையைக் கடை என்று சொல்வது மரியாதைக்காக. ஊரில் எது மூடப்பட்டாலும் அதில் மிச்சம் மீதி அங்கே வந்து சேரும். மில் கடிகாரம், பல் டாக்டர் நாற்காலி, மூடிப்போன டூரிங் டாக்கீஸின் ஆம்ப்ளிஃபயர் எல்லாம் ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடக்கும். மனுஷர் பேரம் பேசினால் எதிராளிக்கு நாக்கு வறண்டுவிடும். ஆனால் பேசி முடித்த பேச்சை ஒரு நாளும் மாற்ற மாட்டார்.

"பாருங்க தம்பி, காத்து எப்படின்னு" என்று ஃபேனைப் போட்டுக் காட்டினார். நல்ல காற்றுதான். மூலையில் கிடந்த காலண்டர் தாள்கள் பறந்தன. பின்பக்கக் கதவு படபடத்துப் போய் எதிலோ முட்டியது.

ணங்!

திருமூர்த்தி அப்படியே நின்றுவிட்டான். அது தகரத்தின் சத்தமல்ல, இரும்பின் சத்தமல்ல. அந்தச் சத்தம் எதிலிருந்து வரும் என்று அவன் காதுக்குத் தெரியும். நாலு வருஷமாக அந்தக் காது அதைக் கேட்காமல் பட்டினி கிடந்தது.

கதவு அடிக்காமலிருக்க அக்பர் அலி முட்டுக் கொடுத்து வைத்திருந்த சாமானை எடுத்தான். எலக்ட்ரிக் கிட்டார். நடுவில் ஓட்டை இல்லாத கட்டை உடம்பு. அந்த உடம்பு முழுக்க யாரோ ஒரு புண்ணியவான் பம்புசெட்டுக்கு அடிக்கிற பச்சை பெயிண்டை இரண்டு கோட்டிங் அடித்திருந்தான். முதுகில் மஞ்சள் எழுத்தில், பஸ்ஸுக்குப் பெயர் எழுதுகிற மாதிரி, 'அமராவதி இன்னிசைக் குழு, தாராபுரம்' என்று எழுதி, பக்கத்தில் ஒரு தாமரை வேறு.

"அதுங்களா? கரண்ட் கிட்டாருங்க. செத்துப்போச்சு" என்றார் அக்பர் அலி. "தாராபுரத்துப் பார்ட்டி குழுவைக் கலைச்சப்ப ஸ்பீக்கரோட சேர்த்துத் தள்ளிட்டுப் போனாங்க. வருசா வருசம் சத்தம் கம்மியாயிட்டே வந்துச்சாம். கடைசில ஒரேயடியா நின்னுபோச்சாம். காலேஜ் பசங்க நாலஞ்சு பேர் வந்து பார்த்தாங்க. பச்சையைப் பார்த்துச் சிரிச்சுப்போட்டுப் போயிட்டாங்க."

 திருமூர்த்தியின் இடது கை தானாகவே கிட்டாரின் கழுத்தைப் பிடித்திருந்தது.

அந்தக் கையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். வெள்ளகோவிலிலிருந்து வேலைக்கு வந்தவன், பகலில் பட்டறை, விசேஷ நாட்களில் ஓர் இன்னிசைக் குழுவோடு கல்யாண மண்டபங்களில் கிட்டார் என்று இருந்தான். நாலு வருஷத்துக்கு முன்னால் பட்டறையில் தகடு வெட்டுகிற பவர் பிரஸ் அவனுடைய இடது கைச் சுண்டு விரலை முழுதாகவும், மோதிர விரலைப் பாதியாகவும் எடுத்துக்கொண்டது. கம்பியை அழுத்துகிற கை அது. காயம் ஆறியதும் பழைய பெட்டி கிட்டாரை எடுத்துப் பார்த்தான். அதில் கம்பிகள் தடிப்பு, கட்டையிலிருந்து எட்டி நிற்கும். மிச்சமிருந்த இரண்டரை விரலால் அழுத்த அழுத்த வலி உயிர் போனதே தவிர, ஒரு சுரம் சுத்தமாக விழவில்லை. அன்றைக்கு அதைக் கொண்டுபோய் வெள்ளகோவில் வீட்டுப் பரணில் போட்டவன், அதன் பிறகு அந்தப் பேச்சையே எடுப்பதில்லை. அடுத்த வருஷம் புவனாவைக் கட்டிக்கொண்டான். தன் புருஷன் ஒரு காலத்தில் வாசித்தவன் என்று அவளுக்குத் தெரியும். ஒரு தடவைகூட அவள் கேட்டதில்லை.

இப்போது அந்தப் பாதி விரலைப் பச்சை கிட்டாரின் கம்பி மேல் வைத்தான். வலிக்கும் என்று பல்லைக் கடித்துக்கொண்டுதான் வைத்தான். வலிக்கவில்லை! கம்பி மெலிசு, கட்டையை ஒட்டினாற்போல் ஓடியது. விரலை வைத்த மாத்திரத்தில் பதிந்துவிட்டது. வலது கையால் மீட்டினான். ஆம்ப்ளிஃபயர் இல்லாததால் கொசு பாடுகிற அளவுதான் சத்தம். ஆனால் சுத்தமான சுரம். பாதி விரலில் பிறந்த சுரம்.

அட தெய்வமே என்றிருந்தது அவனுக்கு. உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. இன்னொன்றை அழுத்தினான். அதுவும் விழுந்தது. கழுத்து அடிவரை வளையாமல் நேராக இருந்தது. பின்பக்கம் கழுத்தும் உடம்பும் சேரும் இடத்தில் ஓர் இரும்புத் தகடு. பெயிண்டை நகத்தால் சுரண்டினால் 'மேட் இன் ஜப்பான்' என்று பொடி எழுத்து. அவன் குழுவில் வாசித்த காலத்தில் இப்படி ஒன்றைத் தொட்டுப் பார்க்கக்கூட யாரும் விட்டதில்லை.

"ஆம்ப்ளிஃபயர்ல போட்டுப் பார்க்கலாங்களா பாய்?"

போட்டார்கள். 'உம்ம்ம்' என்று இரைச்சல் வந்தது. எவ்வளவு மீட்டியும் அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை.

"நாந்தான் சொன்னேனுங்களே" என்றார் அக்பர் அலி.

திருமூர்த்தி ஃபேனைப் பார்த்தான். கிட்டாரைப் பார்த்தான். புவனாவின் முகம் ஞாபகத்துக்கு வந்தது. இருந்தாலும் வாய் சொல்லிவிட்டது:

"பாய், ஃபேன் வேண்டாங்க. டூ-இன்-ஒன்னை வெச்சுக்கிட்டு இதக் குடுங்க."

அக்பர் அலி வியாபாரிதான், ஆனால் மனசாட்சி உள்ளவர். "தம்பி, கதவுக்கு முட்டுக் குடுக்கற கட்டையை உங்க தலையில கட்டுனேன்னு பேரு வேண்டாம். ஒன்னு பண்ணலாங்க. இந்த ஃபேனை அடுத்த ஞாயித்துக்கிழமை வரைக்கும் யாருக்கும் குடுக்காம வெக்கறேன். அதுக்குள்ள இது பேசுச்சுன்னா உங்களுது. பேசலைன்னா கொண்டாந்து குடுத்துப்போட்டு ஃபேனை எடுத்துட்டுப் போயிருங்க" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் நடந்ததை விவரமாக எழுத எனக்கே பயமாக இருக்கிறது. புவனா முதலில் கத்தவில்லை. பச்சைக் கட்டையை மேலும் கீழும் பார்த்தாள்.

"இது எந்தப் பக்கமுங்க காத்தடிக்கும்?" என்று கேட்டாள்.

திருமூர்த்தி தலையைக் குனிந்துகொண்டான். அப்புறம்தான் கத்தினாள்.

"ஏனுங்க, எனக்கு ஒரு வாய் காத்து வேணும்னு கேட்டது தப்புங்களா? ஏற்கெனவே தூக்கத்துல உங்க விரல் என்ற கையில கெடந்து துடிச்சுக்கிட்டே இருக்குது. அந்த நரம்பு வைத்தியரு தைலத்தைத் தேச்சுத் தேச்சு என்ற கைதான் வழவழன்னு ஆச்சு, உங்க துடிப்பு நிக்கல. காத்தும் இல்லாம நான் எப்படிங்க தூங்கறது?"

அது உண்மைதான். கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான். தூக்கத்தில் அவன் இடது கை அவள் முழங்கை மேல் கிடக்கும். அந்த இரண்டரை விரலும் விட்டுவிட்டுத் துடிக்கும். பிரஸ்ஸில் நரம்பு அடிபட்டதன் கோளாறு என்று வைத்தியர் சொன்னதை இருவரும் நம்பினார்கள்.

"புவனா, எனக்கு இது வேணும்" என்றான். "ஏன்னு சொல்லத் தெரியல. இந்தக் கையி ஒன்னுக்கும் ஆகாதுன்னு நாலு வருசமா நெனச்சுட்டு இருந்தேன். இதுல வெச்சா விழுகுது. சத்தம் மட்டும் வந்துருச்சுன்னா நான் வாசிச்சுருவேன்."

அப்படி அவன் எதையும் கேட்டு அவள் பார்த்ததில்லை. அந்தக் கையைப் பற்றி அவன் வாய் திறந்ததும் அதுதான் முதல் தடவை. புவனா முறைத்தாள். முறைத்துவிட்டு, "கழட்டுங்க, பார்க்கலாம்" என்றாள்.

புவனாவின் வேலை என்னவென்று சொல்லவில்லையே. மோட்டார் கம்பெனியில் வைண்டிங் பிரிவு. செம்புக் கம்பியைச் சுற்றுச் சுற்றாகச் சுற்றி மோட்டாருக்குள் இறக்குகிற வேலை. அவள் கை பட்ட மோட்டார்கள் பெருந்துறை வரைக்கும் கிணற்றுக்குக் கிணறு தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தன. அப்படிச் சுற்றிய கம்பிச் சுருளுக்குக் காயில் என்று பெயர்; ஒரு காயில் உயிரோடு இருக்கிறதா பொசுங்கிவிட்டதா என்று முகர்ந்து பார்த்தே சொல்வாள்.

கம்பிகளைக் கழற்றி வைத்துவிட்டு, கிட்டாரின் நடுவில் இருந்த கறுப்பு மூடியைத் திறந்தார்கள். உள்ளே, கம்பியின் அதிர்வைக் கரண்டாக மாற்றுகிற காந்தமும் அதைச் சுற்றி ஒரு சின்னக் காயிலும். புவனா அதைப் பார்த்தாள். கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனாள்.

"ஏனுங்க, இது கம்பிங்களா, தலைமுடிங்களா?"

"ஏன்?"

"நாங்க சுத்தறதுல ரொம்பப் பொடிக் கம்பியே இதுக்குப் பக்கத்துல வெச்சா கயிறு மாதிரி இருக்கும். இதுல ஆயிரக்கணக்குல சுத்து இருக்குதுங்க. ஒரு எடத்துலகூட ஏறல, இறங்கல." குரலில் கோபம் போன இடம் தெரியவில்லை. காயிலின் ஓரத்தில் கம்பி முனையைக் கட்டியிருந்த நூல் முடிச்சை நகத்தால் தொட்டாள். "இது பொம்பளை கட்டுன முடிச்சுங்க. அடிச்சுச் சொல்லுவேன். ஜப்பான்ல என்னையாட்டம் ஒருத்தி உக்காந்து சுத்தியிருக்கா."

சனிக்கிழமை கம்பெனி சூப்பர்வைசரிடம் கெஞ்சிக் கூத்தாடி, கரண்ட் ஓடுகிறதா என்று பார்க்கிற மீட்டரை இரவல் வாங்கி வந்தாள். மோட்டாருக்குப் பார்ப்பது போல வீட்டுக் கரண்டில் பல்பு வைத்துச் சோதித்தால் இந்தக் காயில் நொடியில் பொசுங்கிவிடும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. காயிலின் இரண்டு முனையிலும் மீட்டர் ஒயரை வைத்தாள். முள் மெதுவாக எழுந்து நின்றது.

"உசுரோடதான் இருக்குது!" என்று கத்தியேவிட்டாள்.

"அப்புறம் ஏன் சத்தம் வரல?"

ஒயர் போன வழியே விரலை நகர்த்திக்கொண்டு போனாள். காயில் சரி. சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற குமிழ் சரி. கடைசியாக, ஆம்ப்ளிஃபயர் ஒயரைச் செருகுகிற வட்டமான துளை. அங்கே வைத்தபோது முள் செத்துக் கிடந்தது. தலையிலிருந்து ஹேர்பின்னை உருவித் துளைக்குள் விட்டுச் சுரண்டினாள். காய்ந்த மண் மாதிரி என்னவோ பொடிப்பொடியாக உதிர்ந்தது. உள்ளங்கையில் ஏந்தி மோந்து பார்த்தாள். அப்புறம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள்.

"என்ன அம்மணி? சொல்லிப்போட்டுச் சிரி."

"சந்தனமுங்க!"

திருமூர்த்தி வாயைப் பிளந்தான்.

"ஆயுத பூசைக்குப் பொட்டு வெச்சிருக்காங்க. வருசா வருசம், வட்டமா இருக்குதேன்னு பார்த்து, கரெக்டா இந்த ஓட்டையிலயே!" கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். "நானும் போன வருசம் கம்பெனியில மெயின் சுவிச்சுக்குள்ள சந்தனத்தை அப்பிப்போட்டு சூப்பர்வைசர்கிட்ட திட்டு வாங்கினேனே. எனக்குத் தெரியாதுங்களா அந்த வாசம்!"

வருஷத்துக்கு ஒரு பொட்டு. உள்ளே இருக்கும் தகட்டின் மேல் ஒன்றன் மேல் ஒன்றாகக் காய்ந்து, ஒயர் தகட்டைத் தொடவிடாமல் செய்துவிட்டது. சத்தம் வருஷா வருஷம் குறைந்ததன் ரகசியம் இவ்வளவுதான். கும்பிட்டே ஒரு வாத்தியத்தின் வாயை அடைத்திருக்கிறார்கள் தாராபுரத்துக்காரர்கள். நல்ல மனசோடுதான் செய்தார்கள், பாவம்.

உப்புத்தாளைச் சுருட்டித் தகட்டைத் தேய்த்துச் சுத்தம் செய்தாள் புவனா. திருமூர்த்தி பெயிண்டைக் கரைக்கிற தின்னரில் துணியை நனைத்து ஓர் ஓரத்தில் பச்சையைத் தேய்த்தான். அடியிலிருந்து தேன் நிறத்தில் மரத்தின் வரிகள் எழுந்து வந்தன. இருவரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இவ்வளவு அழகின் மேல் பெயிண்ட் அடிக்க ஒரு கைக்கு எப்படித்தான் மனசு வந்ததோ!

ஞாயிற்றுக்கிழமை காலை கம்பிகளைத் திரும்ப மாட்டி, பழைய சேலையில் சுற்றி, இருவருமாக உக்கடம் போனார்கள். ஃபேன் மேஜை மேல் தயாராகக் காத்திருந்தது. சொன்ன சொல் தவறாதவர் அல்லவா அக்பர் அலி.

திருமூர்த்தி பல் டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்தான். வேறு நாற்காலி இல்லை. அக்பர் அலி ஒயரைச் செருகி ஆம்ப்ளிஃபயரைப் போட்டார். திருமூர்த்திக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. சத்தம் வரலாம். வந்த பிறகு, விரல் வராமல் போனால்? கட்டை செத்தது என்று இதுவரை சொல்லிக்கொள்ள முடிந்தது. இனி என்ன சாக்கு சொல்வது?

பாதி விரலை வைத்தான். மீட்டினான்.

என்ன சொல்ல! அந்தச் சுரம் கடையை நிறைத்துவிட்டு வாசலுக்குப் போனது. கனமாக, இனிப்பாக, ஓய்வதற்கு மனசில்லாமல் நின்றது. எதிர்க்கடையில் இரும்பை எடை போட்டுக்கொண்டிருந்தவர் கையிலிருந்ததைக் கீழே வைத்தார். அக்பர் அலியின் வாய் திறந்தது திறந்தபடி இருந்தது.

"யா அல்லா" என்றார் மெல்ல. "இதையா நான் கதவுக்கு வெச்சிருந்தேன்?"

பிறகு அவராகவே ஃபேனை எடுத்து உள்ளே வைத்துவிட்டார். பேச்சு என்றால் பேச்சு.

திருமூர்த்தி வாசிக்கத் தொடங்கினான். எந்தப் பாட்டும் இல்லை, அவனே கட்டிய ஒரு மெட்டு. குழுவில் இருந்த காலத்தில் கட்டியது. அந்த மெட்டு மேடை ஏறியதே கிடையாது. யாருக்கும் வாசித்துக் காட்டியதும் இல்லை, விரல் போவதற்கு முந்தின வாரம்தான் முடித்திருந்தான். இப்போது இரண்டரை விரலும் அதைத் தேடித் தேடிப் பிடித்தன. ஒவ்வொரு சுரமும் விழ விழ, அவனுக்கே நம்ப முடியாமல் கண் நிறைந்தது.

பாதி வரைக்கும் வந்தான். அதற்கு மேல் போகவில்லை. திரும்ப முதலிலிருந்து வாசித்து அதே இடத்துக்கு வந்தான். அங்கேயே நின்றது. இதற்கு அப்புறம் என்ன? நாலு வருஷம் தொடாமல் விட்ட மெட்டு. எங்கும் எழுதி வைக்கவில்லை. அவனைத் தவிர அது தெரிந்தவர் உலகத்தில் ஒருவரும் இல்லை.

"மறந்துபோச்சு" என்றான். குரல் உடைந்திருந்தது. "மீதி மறந்தே போச்சு புவனா."

 கொஞ்ச நேரமாகவே புவனாவின் முகம் ஒரு மாதிரி ஆகியிருந்தது. வலது கையால் தன் இடது முழங்கையைப் பிடித்துக்கொண்டு, வாசலைப் பார்த்தபடி உதட்டை அசைத்துக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"இப்ப ஆள்காட்டி விரல் ஒருக்காங்க" என்றாள். சொல்லிக்கொண்டே தன் முழங்கை மேல் தட்டினாள். "பொறவு நடுவிரல் ரெண்டு. வெடுக்குனு. அப்புறம் இந்தப் பாதி விரல் ஒன்னு, அழுத்தி."

திருமூர்த்தி அவளையே பார்த்தான்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"மூணு வருசமா என்ற கையிலதானுங்க வாசிக்கறீங்க." அவள் கண் கலங்கியிருந்தது, சிரித்துக்கொண்டும் இருந்தாள். "நான் ஒரு முட்டாளு, நரம்புக் கோளாறுன்னு தைலம் தேச்சுக்கிட்டு இருந்தேன். வாசிங்க."

வாசித்தான். ஆள்காட்டி ஒன்று, நடுவிரல் இரண்டு, பாதி விரல் ஒன்று. அதேதான்! மெட்டு தன் வழியைக் கண்டுபிடித்து நகர்ந்தது.

"இங்க சித்த நில்லுங்க" என்றாள் புவனா. "இந்த எடத்துல ஒரு தட்டு சும்மா போகும்ங்க. ஒன்னுமே விழாது. நானும் எப்பவும் வரும் வரும்னு பார்ப்பேன், வராது. அப்புறம் மறுபடி ஆள்காட்டி விரல். ஏன்னு எனக்குத் தெரியலைங்க."

திருமூர்த்திக்குத் தெரிந்தது. அது சுண்டு விரலின் சுரம். விரல் போன பிறகும் தூக்கத்தில் கை அதற்கான இடத்தை விட்டு வைத்திருக்கிறது. அவளும் ஒவ்வொரு நாளும் அதற்காகக் காத்திருந்திருக்கிறாள்.

பழைய பெட்டி கிட்டாரில் அது நடக்கவே நடக்காது. இதில் கம்பி மெலிசு. பாதி விரலைக் கம்பியை விட்டு எடுக்காமல், அப்படியே மேலே இழுத்துக்கொண்டு போனான். சுரம் வழுக்கிக்கொண்டு ஏறி, சுண்டு விரல் வைக்க வேண்டிய இடத்தில் போய் நின்றது. விரல் இருந்த காலத்தில் வாசித்ததைவிட அது நன்றாக இருந்தது. 

புவனா முழங்கையைத் தடவிக்கொண்டாள்.

"இதுதானுங்களா அது" என்றாள்.